காவடிச்சிந்து: தென்காசிச் சீமையில் பிறந்த நடைப்பாட்டு

புதிய இசை என்றாலே பெரிய நகரங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் பல இசை வகைகள் அப்படிப் பிறந்தவை அல்ல. இன்று இளைஞர்கள் கேட்கும் 'மெலடிக் டெத் மெட்டல்' ஸ்வீடனின் தலைநகரில் பிறக்கவில்லை. கோதன்பர்க் என்ற துறைமுக நகரில் 1990-களில் சில இளைஞர்கள் உருவாக்கியது அது. அட் த கேட்ஸ், டார்க் டிராங்க்விலிட்டி, இன் ஃபிளேம்ஸ் ஆகிய குழுக்கள், உறுமலும் வேகமுமாக இருந்த டெத் மெட்டலுக்குள் இனிமையான கிடார் மெட்டுகளைச் சேர்த்தன. அதன் பிறகே அந்த இசை பல நாடுகளுக்கும் பரவியது.

இதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழ இதே போன்ற ஒரு வேலை தென்காசிச் சீமையில் நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பாமரர்களின் நடைப்பாட்டுக்குள் ராகமும் இலக்கியமும் சேர்ந்து பிறந்த அந்த வடிவம்தான் காவடிச்சிந்து.

சிந்து விளைந்த மண்

காவடி எடுக்கும் வழக்கம் மிகப் பழையது. இரண்டு மலைகளைத் தோளில் சுமந்து வந்த இடும்பன் கதையோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். காவடி சுமப்பவர்கள் வெறுங்காலோடு நாள்கணக்கில் நடக்க வேண்டும். களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடிக்கொண்டே போவார்கள். வழிநடைச் சிந்து, நொண்டிச் சிந்து என்று சிந்துப் பாடல்களில் பல வகைகள் முன்பே இருந்தன.

தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். சிந்து, கண்ணி, கீர்த்தனை என்று மக்கள் பாடும் வடிவங்களை அவர் இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார். மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அதற்குப் பரிசாக வழங்கிய நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்று பெயர். ஆகவே, தெருப்பாட்டைப் பெரியவர்கள் தலையசைத்துக் கேட்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

சென்னிகுளத்துக் கவிராயர்

சங்கரன்கோவில் அருகே உள்ள சென்னிகுளத்தில் 1860-களில் பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். திருவாவடுதுறை மடத்தில் உ.வே.சாமிநாதையரிடம் பாடம் கேட்டவர். பிறகு ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. ஜமீனின் அரண்மனை வீரகேரளம்புதூரில், குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாற்றின் கரையில் இருந்தது.

ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது வழிநெடுகப் பாடுவதற்காகவே இந்தச் சிந்துகள் பிறந்தன என்று சொல்வார்கள். 1891-இல், முப்பது வயதைத் தாண்டுவதற்குள் கவிராயர் மறைந்துவிட்டார்.

காலுக்கு ஏற்ற தாளம்

காவடிச்சிந்தில் அப்படி என்ன இருக்கிறது? முதலில் அதன் நடை. தகிட தகிட என்று மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடை, காவடியோடு ஆடி நடப்பவரின் காலுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. அடுத்து அதன் எதுகையும் இயைபும். ஓர் அடிக்குள்ளேயே ஒரே ஓசையில் முடியும் சொற்கள் அடுத்தடுத்து வந்து விழும். ஒருவர் பாடினால், எழுதப் படிக்கத் தெரியாத கூட்டமும் கேட்டவுடன் பிடித்துக்கொள்ளும்.

இந்த எளிய அமைப்புக்குள் ரெட்டியார் அருணகிரிநாதரின் திருப்புகழை நினைவூட்டும் சந்தங்களைக் கொண்டுவந்தார். தலைவி தோழியிடம் ஏங்கிச் சொல்லும் அகப்பொருள் பாடல்களையும் சேர்த்தார். பக்திப் பாட்டில் இத்தனை சிருங்காரமா என்று இன்று படிப்பவர்கள் வியக்கலாம். ஆனால் நெடுவழி நடப்பவர்களுக்கு அலுப்புத் தட்டாமல் இருக்க அதுவும் உதவியிருக்கும்.

ஊர் கடந்த பாட்டு

கழுகுமலைக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதியார், 'எங்கள் தாய்' பாடலைக் காவடிச்சிந்து மெட்டில் எழுதினார். முருகனுக்காக நடந்தவர்களின் மெட்டு, நாட்டுக்காக நடந்தவர்களுக்கும் பயன்பட்டது. பின்னாளில் கச்சேரி மேடைகளிலும் காவடிச்சிந்து இடம்பிடித்தது. செஞ்சுருட்டி ராகத்தில் அமைந்த மெட்டு இன்று பலருக்கும் பழக்கமானது. கச்சேரியின் கடைசிப் பகுதியில் துக்கடாவாகப் பாடினாலும் அரங்கம் தாளம் போடத் தொடங்கிவிடும்.

கடல் கடந்து போன தமிழர்களோடு காவடியும் போனது. மலேசியாவின் பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளிலும் தமிழர்கள் இன்று காவடி எடுக்கிறார்கள்.

யாருடைய தெரு?

இந்த வரலாற்றில் மறக்கக் கூடாத ஒன்றும் உண்டு. ரெட்டியார் மறைந்து நான்கே ஆண்டுகளில், 1895-இல், அதே கழுகுமலையில் பெரும் கலவரம் நடந்தது. தேரோடும் தெருக்களில் நாடார்கள் ஊர்வலம் போகலாமா என்பதுதான் தகராறு. அதில் உயிர்கள் பலியாயின. நடப்பவர்களுக்காக ஒரு கவிஞர் பாடிய ஊரிலேயே, யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதற்கு அடிதடி நடந்திருக்கிறது.

ஜமீனின் ஆதரவில் பிறந்த பாட்டுதான் காவடிச்சிந்து. ஆனால் அது ஜமீனோடு நின்றுவிடவில்லை. கேட்டவர் எவரும் பாடலாம் என்ற எளிமை அதற்கு இருந்தது. மனிதர்களுக்குத் தெருவில் போடப்பட்ட தடையைப் பாட்டுக்குப் போட யாராலும் முடியவில்லை. ஜமீன்கள் ஒழிந்துவிட்டன. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது சென்னிகுளமும் ஊற்றுமலையும் அதற்குள் வந்தன. ரெட்டியார் தம் பாடல்களுக்குள் தம் ஊரின் பெயரைப் பதித்து வைத்தார். இன்றும் அவற்றைப் பாடுகிறவர்கள், தாங்கள் பார்த்தே இராத சென்னிகுளம் என்ற சிற்றூரின் பெயரையும் சேர்த்தே பாடுகிறார்கள்.