வண்டியும் பாயும் காலும்

தலவிலக் கடலில் நீந்த வருடத்தில் ஆறு மாதந்தான் வாய்க்கும். கார்த்திகை முடிந்து வாடைக்காற்று தணிந்தால் தண்ணீர் படுத்துக் கிடக்கும். வைகாசியில் சோளகம் எழும்பிவிட்டால் கரைவலைக்காரர்களே வலையைச் சுருட்டி வாடிக்குள் வைத்துவிடுவார்கள். அதனால்தான் எங்கள் முப்போட்டிக் கழகம், இங்குள்ள புனித அன்னம்மாள் கோயிலின் மார்ச் மாதத் திருநாள் முடிந்து கொடி இறங்கிய அடுத்த ஞாயிறைப் போட்டிக்கு எடுத்துக்கொண்டது.

நாங்கள் பதினொரு பேர். சிலாபத்திலிருந்து நான்கு பேர், கற்பிட்டியிலிருந்து இரண்டு பேர், மற்றவர்கள் புத்தளமும் மாதம்பையும். நீச்சல் 1.5 கிலோமீட்டர், சைக்கிள் 40, ஓட்டம் 10. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இந்த முப்போட்டி முதல்முறையாகச் சேர்க்கப்பட்டபோது வைத்த அளவும் இதுதான். இதையே ஒரு ஆசிரியை ஐம்பது வயதில் செய்வதா என்று வீட்டில் கேட்டார்கள். என் அம்மம்மா இருந்திருந்தால் கேட்டிருக்கமாட்டார்.

அம்மம்மா தன் சின்ன வயதில் சிலாபத்திலிருந்து மாட்டுவண்டியில் இந்தக் கோயிலுக்கு வந்தவர். புத்தளம் வரை ரயில் 1926-லேயே வந்துவிட்டது. ஆனால் பானை சட்டி, அரிசி, கைக்குழந்தை, நேர்த்திக்கடனுக்கான மெழுகுதிரி எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றி இறக்குவதை யாரும் விரும்பவில்லையாம். ஏழெட்டு வண்டிகள் ஒன்றாகப் புறப்படும். மணல் பாதையில் மாடு திணறும்போது பெண்கள் இறங்கி நடப்பார்கள். முன்வண்டிக்காரர் பின்பக்கத்தில் ஓர் அரிக்கன் விளக்கைத் தொங்கவிடுவார், கடைசி வண்டிக்கு அது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குரல் வரும், எல்லா வண்டியும் நிற்கும். மூன்று இரவு வழியில் தங்கினோம் என்று அம்மம்மா சொல்வார். சொல்லும்போது மூன்று விரலை மடக்கிக் காட்டுவார், ஒவ்வொரு இரவையும் கையில் பிடித்து வைத்திருந்தவர் போல.

அம்மப்பாவின் வழி வேறு. அவர் பாய்மரப் படகில் வந்தவர். ஓகஸ்ட் திருநாளுக்குச் சோளகம் முதுகில் தள்ளும், தெற்கிலிருந்து வருகிறவனுக்கு வடக்கு நோக்கிய ஓட்டம் சுகம். திரும்பும்போது அதே காற்று முகத்தில். அதனால் கற்பிட்டி முனையைச் சுற்றிக் களப்புக்குள் நுழைந்து, ஒல்லாந்தர் காலத்து வாய்க்கால் வழியாக முந்தல் பக்கம் இறங்கி வீடு சேர்வார்களாம். கடல் கொந்தளிக்கிற மாதத்தில் ஒரு பெருநாள், கடல் அடங்கிய மாதத்தில் இன்னொன்று. இந்தக் கரையின் நாட்காட்டியை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இந்தக் கோயில் பிறந்த கதையே கால்நடையும் கடலுந்தான். இரண்டு கதைகள் சொல்வார்கள். ஒன்றில், பிழைப்புத் தேடி மன்னாரிலிருந்து கொழும்புக்கு நடந்துபோன ஏழைப் போர்த்துக்கேயன் ஒருவன், வேலை கிடைக்காமல் திரும்பும் வழியில் இங்கே ஒரு மரத்தடியில் களைத்துப்போய்த் தூங்குகிறான். கனவில் ஒளியும் ஒரு சுரூபமும் தெரிகின்றன, விழித்தால் சுரூபம் அங்கேயே இருக்கிறது. மற்றதில், கப்பல் உடைந்து கரையேறிய ஐரோப்பிய வியாபாரி ஒருவன் புனித அன்னம்மாளின் சுரூபத்தை ஓர் ஆலமரத்தடியில் வைத்து, தொழில் செழித்தால் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொள்கிறான். ஒருவன் நடந்து வந்தவன், ஒருவன் அலையிலிருந்து எழுந்து வந்தவன். எது உண்மை என்று நான் தேடவில்லை. உடம்பு முழுதும் ஓய்ந்துபோன ஒரு மனிதன் இந்த மணலில் விழுந்தான் என்பதை இரண்டுமே சொல்கின்றன, எனக்கு அது போதும்.

ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமாரை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அந்தக் காலத்தில் 1687-இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தவர் ஜோசப் வாஸ் அடிகள். பிறகு புத்தளம் பக்கம் வந்து, அங்கிருந்து கண்டிக்கு நடந்தார். அவருக்குப் பின்னால் வந்த கோவாக் குருமாரும் காடும் களப்புமாக நடந்தே இந்தக் கரையின் மக்களைப் பார்த்துக்கொண்டார்கள். 1806-இல் ஆங்கிலேயர் அந்தத் தடைகளை நீக்கினார்கள். இப்போது நாம் பார்க்கிற பெரிய கோயில் 1843-இல் முடிந்தது. அதன் நீண்ட விறாந்தையில் படுத்துறங்காத குடும்பம் எங்கள் ஊரில் குறைவு.

அன்று காலை ஆறரைக்கு நாங்கள் தண்ணீரில் இறங்கினோம். கரைக்குச் சமாந்தரமாக வடக்கே போய்த் திரும்ப வேண்டும். போகும்போது நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது, எனக்குப் பெருமையாக இருந்தது. திரும்பியபோது கோபுரம் கிட்ட வரவே இல்லை. இருபது கை போட்டுத் தலையைத் தூக்கினால் அதே தென்னை, அதே வாடி. கையில் ஒரு சொறிமுட்டை தீயாய்ச் சுட்டது. பக்கத்தில் கற்பிட்டி நானா நீந்திக்கொண்டிருந்தார். முப்பது வருடம் வள்ளத்தில் போன மனிதர். “கரையைப் பார்க்காதீங்க டீச்சர், என்னைப் பாருங்க” என்றார். அதன் பிறகு அவருடைய தோளைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

அந்த அரைமணி நேரத்தில் எனக்கு நவரத்தினசாமியின் நினைவு வந்தது. தொண்டைமானாற்று முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954-இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்குப் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். அதே கடலை 1971-இல் போய்த் திரும்பியும் நீந்தினார் ஆழிக்குமரன் ஆனந்தன், 51 மணி நேரம். 1984-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது அவர் உயிர் போனது. நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இந்த இருவருக்கும் ஒரு முழுப் பக்கம் வேண்டும் என்று நான் எங்கே போனாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சைக்கிளில் கற்பிட்டிக் கோட்டை வாசலைத் தொட்டுத் திரும்பி, மிச்சத் தூரத்தை நுரைச்சோலைப் பக்கம் ஓட்டி நிறைத்தோம். ஒல்லாந்தர் 1667-இல் தொடங்கிய கோட்டை அது. வழியெல்லாம் சின்ன வெங்காயத் தோட்டம், தெங்கு, நடுவீதியில் அசையாமல் நிற்கும் கழுதைகள். மாம்புரிக் காற்றாலைகளின் இறக்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தாலே காற்றின் கணக்குத் தெரிந்துவிடும். அன்று திரும்பும் வழி முழுதும் எதிர்க்காற்று, அம்மப்பாவுக்கு வந்த அதே கணக்கு.

நீந்துகிறவன் திடமானவனா, ஓடுகிறவனா, சைக்கிள்காரனா என்ற வாதத்திலிருந்துதான் 1978-இல் ஹவாயில் பெரிய முப்போட்டி பிறந்தது. கடற்படை அதிகாரி ஜோன் கொலின்ஸ் அந்தத் தீவில் ஏற்கெனவே நடந்துவந்த மூன்று பந்தயங்களை ஒன்றாகக் கட்டினார். புறப்பட்டவர்கள் 15, முடித்தவர்கள் 12. அதன் பாதித் தூரப் பந்தயம் 2018-இல் கொழும்பு காலிமுகத்திடலுக்கும் வந்தது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஜோசப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்த இடமும் அதுவே. 2018-இல் நான் அங்கே வேலியோரம் நின்று பார்த்தவள். எங்கள் கழகத்துக்கு விதை விழுந்தது அன்றுதான்.

ஓட்டத்தில் நான் நடந்தேன். ஆறாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மணல் சுட்டது. மற்றப் பத்துப் பேரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். இறங்கி நடந்த பெண்களுடைய பாதையில்தானே நடக்கிறேன் என்று எண்ணி ஒவ்வொரு தென்னையாக எண்ணிக்கொண்டு போனேன்.

கோயில் வளவுக்குள் திரும்பும்போது பத்தரை தாண்டியிருந்தது. மாதம்பைத் தம்பி சைக்கிளின் பின்விளக்கைக் கழற்றி, வெயிலில் எரியவிட்டு, வேம்புக் கிளையொன்றில் கட்டியிருந்தான். அம்மம்மாவின் அரிக்கன் விளக்குக் கதையை முதல்நாள் இரவு அவர்களுக்கு நான்தான் சொல்லியிருந்தேன். மரத்தடியில் பத்துப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சோற்றுப் பொதிகள் பதினொன்றும் பிரிக்கப்படாமல் பாயில் வரிசையாக இருந்தன.