மரப்படகு பழுதுபார்ப்பிற்கான மரத்தெரிவு

மரப்படகு பழுதுபார்ப்பிற்கான மரத்தெரிவு என்பது பழைய மரப்படகு ஒன்றில் உளுத்த, வெடித்த அல்லது புழு அரித்த பகுதிகளை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் பொருத்துவதற்கு ஏற்ற மரத்தை இனங்கண்டு தேர்ந்தெடுக்கும் முறையாகும். புதுப்படகு கட்டும்போது எல்லாப் பலகைகளையும் ஒரே மரத்தில் எடுத்துக்கொள்ள இயலும். பழுதுபார்ப்பிலோ புதிய பலகை பழைய பலகைகளுக்கு நடுவில் அமர்ந்து, அவற்றோடு சேர்ந்து நனைந்து, சேர்ந்து உலர வேண்டியுள்ளது. ஆகையால் மிக உறுதியான மரத்தையோ விலை உயர்ந்த மரத்தையோ விட, அருகிலுள்ள பழைய மரத்தோடு ஒத்துப்போகும் மரமே இங்கு சிறந்ததாகக் கருதப்படுகின்றது.

இக்கட்டுரை தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டங்களை ஒட்டியுள்ள பழவேற்காடு ஏரிப் பகுதியின் சூழலை முதன்மையாகக் கொண்டு இதனை விளக்குகின்றது.

பழவேற்காட்டுப் பகுதியும் மரப்படகுகளும்

கும்மிடிப்பூண்டி இன்று சிப்காட் தொழிற்பேட்டையால் அறியப்படும் ஊர். அதற்குக் கிழக்கே, தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலுமாகப் பரந்துள்ளது பழவேற்காடு ஏரி. இது ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி ஆகிய ஆறுகளிலிருந்து நன்னீரும், முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீரும் இதற்கு வருகின்றன. ஏரியின் பெரும்பகுதி ஆழம் குறைந்தது. எனவே துடுப்பாலும், நீண்ட கழியை ஊன்றித் தள்ளியும் செலுத்தப்படும் தட்டையான படகுகள் இங்கு வழக்கில் இருந்தன.

ஒல்லாந்தர் 1613 இல் இங்கு கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் இவ்வேரியைச் சென்னையோடு இணைத்தது. 1806 அளவில் கொக்ரேன் கால்வாய் என்ற பெயரில் தொடங்கிய இந்நீர்வழி, 1876-78 பஞ்சத்தின்போது விரிவாக்கப்பட்டுப் பின்னர் பக்கிங்காம் எனப் பெயர் பெற்றது. சிறீஅரிக்கோட்டா விறகு, உப்பு முதலியவை மரப்படகுகளில் இக்கால்வாய் வழியே சென்னைக்குச் சென்றன.

இக்கடற்கரையில் அமைப்பால் வேறுபட்ட மூன்று வகைக் கலங்கள் இருந்தன. பழுதுபார்க்கும் முறையும் அவற்றுக்கேற்ப மாறுபடும்.

* கட்டுமரம்: இலேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்தது. ஒரு துண்டு கெட்டால் கட்டை அவிழ்த்து அதை மட்டும் மாற்றலாம்.
* சலங்கு அல்லது மசூலாப் படகு: பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்தது. துறைமுகம் அமைவதற்கு முன் சென்னையில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச்சென்றது இதுவே. அலையடிப்பில் வளைந்து கொடுக்கும்.
* ஆணிப்படகு: ஏரா, வங்கு ஆகியவற்றின் மேல் பலகைகளை ஆணியால் அறைந்து கட்டியது. ஏரா என்பது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை. வங்கு என்பது விலா எலும்பு போன்ற வளைந்த கட்டை.

கட்டுமரமும் சலங்கும் அவிழ்த்துக் கட்டக்கூடியவை. ஆணிப்படகில் உறுப்புகள் இறுகப் பிணைந்திருப்பதால், மரத்தெரிவில் நேரும் பிழை அதிலேயே மிகுதியாக வெளிப்படும்.

மரம் கெடும் வழிகள்

எதனால் மரம் கெட்டது என்பதை அறியாமல் மாற்று மரத்தைத் தெரிவு செய்ய இயலாது. பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு.

*பூஞ்சை உளுப்பு:* மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டிற்கு மேல் நீடிக்கும்போது பூஞ்சை வளர்கின்றது. எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் மரத்தில் காற்று கிடைக்காமையால் இது குறைவு. மழைநீர் தேங்கும் உட்புற மூலைகள், வங்கின் அடிப்பகுதி, மேல் விளிம்பு ஆகியவையே முதலில் உளுக்கும்.

*கப்பல் புழு:* பெயர் புழுவாயினும் இது சிப்பி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. இளம் உயிரி குண்டூசித் தலையளவு துளையிட்டு உள்ளே புகுந்து, மரத்தைத் தின்றபடியே வளர்ந்து, சுண்ணாம்புப் பூச்சுள்ள நீண்ட குழாய்களை ஏற்படுத்துகின்றது. வெளியே பார்ப்பவருக்குப் பலகை நல்லதாகவே தோன்றும்; உள்ளே தேனடை போலாகியிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஏரிநீரின் உவர்ப்பு குறைகின்றது, கோடையில் கூடுகின்றது. உவர்ப்பு மிகுந்த முகத்துவாரப் பகுதியில் நிற்கும் படகுகளை இப்புழு மிகுதியாகத் தாக்கும்.

*ஆணித் துரு:* இரும்பு ஆணியைச் சுற்றியுள்ள மரம் கருத்து மென்மையாகிவிடும். துவர்ப்புப் பொருள் நிறைந்த கருவேலம், மருது போன்ற மரங்களில் இது விரைவில் நிகழும்.

பலகையைச் சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்றும் கெட்ட மரம் மந்தமாகவும் ஒலிக்கும். கத்தி முனையைக் குத்திப் பார்த்து, அது எளிதில் இறங்காத இடம்வரை கெட்ட பகுதியாகக் குறிக்கப்படும். அதற்கு அப்பாலும் சிறிது நல்ல மரத்தைச் சேர்த்தே வெட்டி நீக்க வேண்டும். உளுத்த மரத்தை ஒட்டிப் பொருத்தும் புதுப்பலகைக்கும் உளுப்பு பரவும்.

பழைய மரத்தை இனங்காணல்

வெட்டி எடுத்த துண்டின் குறுக்குவெட்டைக் கூரிய கத்தியால் சீவி, நீர் தடவி, கைவில்லையால் பார்த்தால் மரத்தின் துளைகள் தெரியும்.

* தேக்கில் ஆண்டு வளையங்கள் தெளிவாக, பெரிய துளைகளின் வரிசையோடு காணப்படும். புதிதாகச் சீவினால் எண்ணெய்ப் பசையும் தோல் போன்ற மணமும் இருக்கும்.
* வேங்கைச் சீவலை நீரில் ஊறவைத்தால் நீர் பழுப்பாகி, வெளிச்சத்தில் நீல ஒளிர்வு காட்டும்.
* மாமரம் வெளிறியது, எடை மிதமானது, வைரத்திற்கும் வெளிமரத்திற்கும் இடையே நிறவேறுபாடு பெரும்பாலும் குறைவு.
* வேம்பின் வைரம் செம்பழுப்பு நிறமுடையது, இழை பின்னியிருக்கும்.

இனம் தெரியாவிடினும், உலர்ந்த துண்டின் எடையை அதன் கன அளவால் வகுத்து அடர்த்தியைக் கண்டுகொள்ளலாம். அதே அளவு அடர்த்தியுள்ள மரத்தைத் தேடுவது பாதுகாப்பான வழியாகும்.

சுருக்கமும் விரிவும்

மரத்தெரிவில் அதிகம் கவனிக்கப்படாத, ஆனால் முதன்மையான பண்பு இதுவே. மரம் நனையும்போது விரிந்து, உலரும்போது சுருங்குகின்றது. நீளவாக்கில் இம்மாற்றம் புறக்கணிக்கத்தக்கது. மரத்தின் மையத்திலிருந்து வெளிநோக்கிய ஆரத் திசையில் ஓரளவும், வளையங்களை ஒட்டிய திசையில் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கும் மாற்றம் ஏற்படும்.

எடுத்துக்காட்டாக, பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை வளையத் திசையில் 8 விழுக்காடு சுருங்கும் மரம் ஒன்றைக் கொள்வோம். மரம் சுருங்கத் தொடங்குவது ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரப்பதத்திற்குக் கீழேயாகும். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள பச்சைப் பலகையை ஆணியறைந்துவிட்டால், அது 15 விழுக்காடு ஈரப்பதத்திற்கு உலரும்போது அகலத்தில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் குறைந்துவிடும். அந்த இடைவெளி படகின் அடியில் இருந்தால், அதன் வழியாக நீர் புகுவதைத் தடுக்க இயலாது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. எலும்பு போல உலர்ந்த பலகையை நீர்மட்டத்திற்குக் கீழே இறுக்கமாகப் பொருத்தினால், அது நீரை உறிஞ்சி விரிந்து, பக்கத்துப் பலகையை நெருக்கி, ஆணியைப் பிடுங்கும் அல்லது வங்கை உடைக்கும். எனவே 15 முதல் 18 விழுக்காடு வரை ஈரமுள்ள, நிழலில் காற்றோட்டமாக அடுக்கி உலர்த்திய பலகையே ஏற்றது.

மென்மையான மாம்பலகைகளுக்கு நடுவில் கடினமான மரத்துண்டு ஒன்றை வைத்தால், அலையடிப்பில் மாம்பலகைகள் வளையும்போது கடினத் துண்டு வளையாது. அசைவு முழுவதும் அதன் ஓரத்து ஆணிகளில் குவிந்து, ஆணித்துளைகள் அகலமாகும். ஒட்டு நன்றாக இருக்க, அதைச் சுற்றியுள்ள படகு கெட்டுப்போகும்.

உறுப்புகளும் ஏற்ற மரங்களும்

கீழே தரப்பட்டுள்ள அடர்த்தி அளவுகள் உலர்ந்த மரத்திற்கு, ஒரு கனமீட்டருக்கு, ஏறத்தாழக் கணக்கிடப்பட்டவை. மரம் வளர்ந்த இடத்தைப் பொறுத்து இவை மாறுபடும்.

* தேக்கு (650 கிலோகிராம்): சுருக்கம் குறைவு, பூஞ்சையைத் தாங்கும். பலகைக்குச் சிறந்தது. வெப்பமண்டலக் கடலில் தேக்கும் கப்பல் புழுவிற்கு முற்றிலும் தப்புவதில்லை.
* அயனி (600 கிலோகிராம்): கேரளத்தில் ஆஞ்ஞிலி எனப்படுவது. அங்கு வள்ளங்கள் கட்டுவதற்குப் பெயர்பெற்றது. தேக்கிற்கு மாற்றாகப் பலகைக்கு உதவும்.
* வேங்கை (800 கிலோகிராம்), மருது (850 கிலோகிராம்): ஏரா, குறுக்குக் கட்டைகள் ஆகியவற்றிற்கு ஏற்றவை.
* வேம்பு (750 கிலோகிராம்): உள்ளூரில் எளிதில் கிடைக்கும். வங்கிற்கும் பலகைக்கும் பயன்படும்.
* இலுப்பை (900 கிலோகிராம்): கனமானது, உறுதியானது. ஏராவிற்கு ஏற்றது.
* கருவேலம் (800 கிலோகிராம்): இயற்கையாகவே வளைந்த கிளைகள் வங்கிற்குப் பொருந்தும்.
* புன்னை (650 கிலோகிராம்): கடற்கரை மரம். பாய்மரத்திற்கும் நீண்ட கட்டைகளுக்கும் பயன்பட்டது. ஆங்கிலேயக் கப்பல் கட்டுநர் வழங்கிய 'பூன்' என்ற மரப்பெயர் இதன் தென்னிந்தியப் பெயரிலிருந்தே வந்தது.
* மாமரம் (650 முதல் 700 கிலோகிராம்): விலை மலிவு, வேலை செய்ய எளிது. விரைவில் உளுக்கும். பழைய படகு மாம்பலகையால் ஆனதாயின், பதப்படுத்திய மாம்பலகையே பொருந்தும்.
* சீமைக் கருவேலம்: திருவள்ளூர் மாவட்டத்தில் பெருகிக் கிடக்கும் அயல் இனம். இதன் வைரம் மிகக் குறைவாகவே சுருங்கும். நீண்ட நேரான துண்டு கிடைப்பது அரிது. வங்கின் சிறு துண்டுகளுக்கு ஏற்றது.
* சவுக்கு: கடற்கரையில் மிகுதியாகப் பயிரிடப்படுவது. ஊன்றுகழிக்குப் பயன்படும். உலரும்போது வெடிப்பதால் பலகைக்கு ஆகாது.

வங்கிற்கு மரம் எடுக்கும்போது இழையின் போக்கே முதன்மையானது. நேரான பலகையை வளைவாக அறுத்தால் இழை குறுக்காக வெட்டுப்பட்டு அவ்விடத்தில் ஒடியும். கிளை பிரியும் கவட்டிலோ வளைந்த கிளையிலோ எடுத்த துண்டில் இழை வளைவைப் பின்பற்றி ஓடுவதால் உறுதி குறையாது.

எந்த மரமாயினும் வைரம் பாய்ந்த பகுதியையே எடுக்க வேண்டும். தேக்கின் வெளிமரம் உளுப்பைத் தாங்குவதில் மாமரத்தைவிட மேலானதன்று. தேக்கு என்ற பெயருக்கு விலை கொடுத்து வெளிமரப் பலகையை வாங்குவது பரவலாக நிகழும் பிழையாகும். விழுந்த கணு, சுழன்ற இழை, நடுத்தண்டு ஆகியவை உள்ள பலகைகளையும் தவிர்க்க வேண்டும்.

பொருத்துதலும் பதப்படுத்தலும்

பலகையின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும்போது இரு முனைகளையும் சாய்வாகச் சீவி ஒன்றின்மேல் ஒன்று படிய இணைப்பர். சாய்வின் நீளம் பலகைத் தடிப்பைப்போல் 8 மடங்கிற்குக் குறையாதிருத்தல் நலம். எடுத்துக்காட்டாக, 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகைக்கு 20 சென்டிமீட்டர் சாய்வு தேவை. அடுத்தடுத்த பலகைகளின் இணைப்புகள் ஒரே வங்கின்மேல் அமையாமல் தள்ளி அமைய வேண்டும். செப்பு ஆணியோ துத்தநாகம் பூசிய ஆணியோ பயன்படுத்தப்படும். இவ்விரண்டையும் அருகருகே கலந்து அறைந்தால் உவர்நீரில் துத்தநாகப் பூச்சு விரைவில் அரிக்கப்படும்.

பலகைகளுக்கு இடையிலான இடுக்கில் பஞ்சுத் திரியைச் செருகி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி அடைக்கும் தொழில் கலப்பற்று எனப்படுகின்றது. மீன் எண்ணெய், முந்திரிக்கொட்டை எண்ணெய் ஆகியவை மரபான பூச்சுகள். முந்திரிக்கொட்டை எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். செப்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிப் பதப்படுத்திய மரம் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அம்மரத்தின் துண்டுகளை அடுப்பில் எரித்தல் கூடாது. புகையும் சாம்பலும் நச்சுத்தன்மை உடையவை. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், தானே விரைவில் கெடக்கூடிய இரப்பர் மரத்தை இவ்வாறு பதப்படுத்திப் படகு கட்டிக் காட்டியுள்ளது.

படகைக் கரையேற்றிக் காயவைப்பதும் ஒரு பாதுகாப்பே. நீரில்லாமல் கப்பல் புழு நெடுநாள் வாழாது. கட்டுமரத்தை ஒவ்வொரு முறையும் அவிழ்த்து மணலில் உலர்த்தும் வழக்கத்தின் பயன்களில் இதுவும் ஒன்று.

சட்டமும் சூழலும்

தமிழ்நாட்டில் வெட்டுமரத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்வது 1968 ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகளுக்கு உட்பட்டது. பல இனங்களுக்கு வனத்துறையின் அனுமதிச் சீட்டு தேவை. ஏரியின் ஓரத்திலுள்ள அலையாத்தி மரங்களை வெட்டுதல் கூடாது. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் உத்தரங்களும் கதவு நிலைகளும், நன்கு உலர்ந்த வைர மரத்திற்கு நல்ல வாயில்களாகும். அறுக்கும் முன் அவற்றிலுள்ள ஆணிகளை நீக்க வேண்டும்.

பிற இடங்களில்

உள்ளூர் மரத்தின் வலிமைக்கு யாழ்ப்பாணத்தின் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் சான்றாகும். பெரும்பாலும் வேப்ப மரத்தால் ஆன இது, அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, 1938 இல் அமெரிக்காவின் குளொசுட்டர் துறைமுகத்தை அடைந்தது. மும்பையில் தேக்கினால் கட்டப்பட்டு 1817 இல் வெள்ளோட்டம் விடப்பட்ட திருகோணமலை என்ற பெயர்கொண்ட பிரித்தானியப் போர்க்கப்பல், பழுதுபார்க்கப்பட்டு இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூலில் இன்றும் மிதக்கின்றது.

இன்றைய நிலை

கண்ணாடியிழைப் படகுகள் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்கு முன்பே தமிழகக் கடற்கரைக்கு வந்துவிட்டன. அதன்பின் நிவாரணமாகப் பெருமளவில் வழங்கப்பட்டதால், மரப்படகுகள் விரைந்து குறைந்தன. எஞ்சியுள்ள மரப்படகுகளின் மேல் கண்ணாடியிழை ஒட்டுவது எளிய தீர்வாகத் தோன்றும். பழைய பலகை ஈரமாக இருக்கும்போது ஒட்டினால், ஈரம் உள்ளேயே அடைபட்டு உளுப்பு கண்ணுக்குத் தெரியாமல் பரவும். பலகைகளின் அசைவால் மேலுறையும் பிரிந்துவிடும். நன்கு உலர்ந்த, அசையாத அடித்தளத்தின்மேல் மட்டுமே இம்முறை பயன்தரும்.

மரப்படகு குறைவதோடு, தட்டிப் பார்த்து மரத்தை அறியும் தச்சரும் கலப்பற்றுத் தொழிலறிந்தவரும் குறைகின்றனர். பழுதுபார்க்கும்போது எந்த உறுப்பில் எந்த மரம் இருந்தது, அதற்குப் பதிலாக எது வைக்கப்பட்டது என்பதை எழுதி வைத்தால், அப்படகை அடுத்துத் தொடும் தச்சருக்கு அது வழிகாட்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* பழவேற்காடு ஏரி
* கட்டுமரம்
* பக்கிங்காம் கால்வாய்
* கப்பல் புழு
* மரப் பதப்படுத்தல்