மனசாட்சிக்கு ஒரு ஓட்டு

குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தால் போதும், யாராவது ஒருவர் "மனசாட்சிப்படி வாக்களியுங்கள்" என்று கிளம்பிவிடுவார். 2012-ல் பிரணாப் முகர்ஜியை எதிர்த்து நின்ற பி.ஏ.சங்மா கேட்டார். 2022-ல் திரௌபதி முர்முவை எதிர்த்து நின்ற யஷ்வந்த் சின்ஹா கேட்டார். ரெண்டு பேரும் தோற்றார்கள். கவனித்துப் பாருங்கள், எண்ணிக்கை கையில் இல்லாதவர்தான் மனசாட்சியைக் கூப்பிடுவார். இருப்பவருக்கு அது எதற்கு, எண்ணிக்கையே போதுமே!

ஒரே ஒரு முறை இந்தக் கோரிக்கை ஜெயித்திருக்கிறது. 1969-ல். கட்சி சொன்னபடி இல்லாமல், மதம் சொன்னபடி இல்லாமல், தனக்குச் சரி என்று பட்டதற்கு ஓட்டு போடுவது நம் நாட்டில் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

1969 மே 3-ம் தேதி ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைக் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி தற்காலிகப் பொறுப்பேற்றார். அடுத்து யார் என்பதில் இந்திரா காந்திக்கும், 'சிண்டிகேட்' என்று பேர் வாங்கிய மூத்த காங்கிரஸ் தலைவர்களுக்கும் இழுபறி. ஜூலையில் பெங்களூரில் கட்சியின் நாடாளுமன்றக் குழு கூடியது. இந்திரா ஜகஜீவன் ராமைச் சொன்னார். காமராஜ், மொரார்ஜி தேசாய், எஸ்.கே.பாட்டீல், ஒய்.பி.சவான் நாலு பேரும் நீலம் சஞ்சீவ ரெட்டியைச் சொன்னார்கள். 4-க்கு 2. பிரதமர் தன் சொந்தக் கட்சியில் தோற்றார்.

அப்புறம் நடந்ததெல்லாம் மின்னல் வேகம். மொரார்ஜியிடமிருந்து நிதித்துறை பறிக்கப்பட்டது. ஜூலை 19 அன்று 14 வங்கிகள் அவசரச் சட்டத்தில் தேசியமயம் ஆயின. அந்தச் சட்டத்தில் கையெழுத்து போட்டவர் கிரி. போட்ட கையோடு பதவியை ராஜினாமா செய்துவிட்டு சுயேச்சையாகக் களத்தில் இறங்கினார். (கிரி லேசுப்பட்ட ஆள் இல்லை. 1954-ல் நேரு மந்திரிசபையில் தொழிலாளர் துறை அமைச்சராக இருந்தபோது, வங்கி ஊழியர் சம்பளத் தீர்ப்பை அரசு மாற்றியது பிடிக்காமல் வெளியேறியவர். கொள்கைக்காகப் பதவியை விட்ட முன்அனுபவம் உண்டு.)

வேடிக்கை என்னவென்றால், ரெட்டியின் வேட்புமனுவில் முன்மொழிந்து கையெழுத்திட்டவரே இந்திராதான். பிறகு கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, இரண்டாம் விருப்ப ஓட்டுகளுக்காக சுதந்திராக் கட்சி, ஜனசங்கத் தலைவர்களைச் சந்தித்தார். அவர்களுடைய வேட்பாளர் முன்னாள் நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக். இதைப் பிடித்துக்கொண்டார் இந்திரா. ரெட்டிக்கு ஓட்டு போடச் சொல்லிக் கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவு தர முடியாது, அவரவர் மனசாட்சிப்படி போடட்டும் என்று விட்டுவிட்டார். தானே முன்மொழிந்த வேட்பாளரைத் தானே கவிழ்க்க இதைவிட நாசூக்கான வழி யாருக்குத் தோன்றும்?

ஆகஸ்ட் 16 வாக்குப்பதிவு, 20-ல் எண்ணிக்கை. முதல் விருப்ப ஓட்டில் கிரிக்கு 4,01,515. ரெட்டிக்கு 3,13,548. தேஷ்முக்குக்கு 1,12,769. ஜெயிக்க வேண்டியது 4,18,169. யாருக்கும் எட்டவில்லை. இரண்டாம் விருப்ப ஓட்டுகளைப் பிரித்துச் சேர்த்த பிறகு கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. அன்று ஒரு எம்.பி.யின் ஓட்டு மதிப்பு 576. கிரி கோட்டைத் தாண்டியது 1,908 ஓட்டில், அதாவது மூன்று எம்.பி.க்களின் ஓட்டைவிடச் சற்று அதிகம். அவ்வளவுதான்!

இதில் மனசாட்சி எவ்வளவு, கணக்கு எவ்வளவு? கம்யூனிஸ்டுகள் மொத்தமாகக் கிரிக்குப் போட்டார்கள். தி.மு.க.வும் கிரிக்குத்தான். 1967-ல் ஜெயித்த 25 மக்களவை உறுப்பினர்கள், சட்டசபையில் பெரும்பான்மை என்று அவர்களிடம் நல்ல பலம் இருந்தது. இதெல்லாம் கட்சி முடிவு, தனி மனித முடிவு இல்லை. மனசாட்சிக் கணக்கில் வருவது கட்சியை மீறிக் கிரிக்குப் போட்ட காங்கிரஸ்காரர்கள் மட்டும்தான். அவர்களிலும் எத்தனை பேர் கொள்கைக்காகப் போட்டார்கள், எத்தனை பேர் நாளை யார் கை ஓங்கும் என்று பார்த்துப் போட்டார்கள்? ரகசிய வாக்கெடுப்பு. அந்தச் சீட்டுகள் யாரிடமும் எதுவும் சொல்லப் போவதில்லை. எங்கள் தாத்தா தீவிர காமராஜ் ஆள். கிரி பெயரைக் கேட்டாலே "அது மனசாட்சி இல்லடா, முதுகுல குத்துனது" என்பார். என் அப்பாவோ அதே தேர்தலை முற்போக்கின் வெற்றி என்பார். ஒரே வீட்டில் ரெண்டு சரித்திரம் :-)

அந்த நவம்பரிலேயே காங்கிரஸ் உடைந்தது. ரெட்டி 1977-ல் போட்டியே இல்லாமல் குடியரசுத் தலைவர் ஆனார் என்பது தனிக்கதை.

மனசாட்சி என்ற சொல்லுக்கு உண்மையில் கெட்ட பெயர் வாங்கித் தந்தது வேறொரு கூட்டம். 1967-ல் ஹரியானா சட்டசபை உறுப்பினர் கயா லால் ரெண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற சொல் அங்கே பிறந்தது. ராம் வந்தார், ராம் போனார். அதற்கப்புறம் மாநிலத்துக்கு மாநிலம் இதே வியாபாரம். கட்சி மாறிய ஒவ்வொருவரும் சொன்ன காரணம் என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? "என் மனசாட்சி உறுத்தியது." அதுவேதான்.

இதை ஒழிக்க 1985-ல் ராஜீவ் காந்தி அரசு 52-வது திருத்தத்தைக் கொண்டுவந்தது. கட்சித்தாவல் தடைச் சட்டம். நோக்கம் நல்லது, நான் மறுக்கவில்லை. ஆனால் அது கட்சி மாறுபவரை மட்டும் பிடிக்கவில்லை. கட்சி உத்தரவுக்கு மாறாக சபையில் ஓட்டு போட்டாலும், ஓட்டு போடாமல் இருந்தாலும் பதவி போகும். பணம் வாங்கிக்கொண்டு தாவுபவரும், "இந்த மசோதா தப்பு" என்று ஒரு நாள் எழுந்து நிற்பவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்று. எலிக்கு வைத்த பொறியில் பூனையும் மாட்டியது. 1992-ல் உச்ச நீதிமன்றம் கிஹோட்டோ ஹோலோஹன் வழக்கில் 3-க்கு 2 என்று சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆட்சி கவிழும் வாக்கெடுப்பு, கட்சி தேர்தலில் சொன்ன முக்கியக் கொள்கை போன்றவற்றுக்குத்தான் பதவியைப் பறிக்கும் உத்தரவு பொருந்த வேண்டும் என்றும் சொன்னது. யார் கேட்டார்கள்? சாதாரண மசோதாவுக்கும் கொறடா கடிதம் பறக்கிறது.

நம்மூர் வழக்கு ஒன்றும் இருக்கிறது. அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஜி.விஸ்வநாதனைக் கட்சியே நீக்கியது. அவர் ம.தி.மு.க.வில் சேர்ந்தார். பதவி போனது. 1996-ல் உச்ச நீதிமன்றமும் அது சரி என்றது. காரணம், கட்சி விலக்கினாலும் சட்டப்படி அவர் அதே கட்சியைச் சேர்ந்தவராகவே கருதப்படுவாராம். வீட்டை விட்டுத் துரத்திய பிறகும் ரேஷன் கார்டில் பேர் இருக்கிற மாதிரி.

இவ்வளவையும் மீறி ஓட்டு போட்டவர்கள், போட மறுத்தவர்கள் உண்டா? உண்டு, விரல் விட்டு எண்ணலாம்.

1999 ஏப்ரல் 17 ஞாபகம் இருக்கும். ஜெயலலிதா ஆதரவை விலக்க, தி.மு.க. வாஜ்பாய்க்குக் கை கொடுக்க, மக்களவையில் 269-க்கு 270. ஒரே ஓட்டில் அரசு கவிழ்ந்தது. அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று கேட்டால் பலரும் ஒரிசா முதல்வராகிவிட்ட பிறகும் எம்.பி.யாக வந்து ஓட்டு போட்ட கிரிதர் கமாங்கைச் சொல்வார்கள். என் மனசில் நிற்பவர் சைஃபுதீன் சோஸ். தேசிய மாநாட்டுக் கட்சி அரசை ஆதரிக்கச் சொல்லியிருந்தது. அவர் எதிர்த்து ஓட்டு போட்டார். ஃபரூக் அப்துல்லா கட்சியை விட்டு நீக்கினார். சோஸ் பின்னாளில் காங்கிரஸில் சேர்ந்து மத்திய அமைச்சரும் ஆனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனசாட்சிக்குப் பிற்பாடு கிடைக்கும் பலன், அதற்கு முந்தைய காரணத்தைப் பொய்யாக்கிவிடுமா என்பது வாசிப்பவர் தீர்ப்பு.

மதம் குறுக்கே வந்த கதை ஆரிஃப் முகமது கானுடையது. ஷா பானோ வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கு ஜீவனாம்சம் உண்டு என்றது. ராஜீவ் அரசின் சார்பில் மக்களவையில் எழுந்து அந்தத் தீர்ப்பை ஆதரித்துப் பேசியவர் ஆரிஃப். சில மாதத்தில் அதே அரசு எதிர்ப்புக்குப் பணிந்து தீர்ப்பை ஒதுக்கும் மசோதாவைக் கொண்டுவர முடிவெடுத்தது. 1986 பிப்ரவரியில் அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார். 'உங்கள் ஆள்' எப்படி ஓட்டு போடுவார் என்று கட்சி ஒரு கணக்கு வைத்திருந்தது, சமுதாயம் ஒரு கணக்கு வைத்திருந்தது. அவர் ரெண்டிலும் அடங்கவில்லை. அப்புறம் பல கட்சிகள் போய்வந்து பா.ஜ.க.வில் சேர்ந்து ஆளுநர் ஆனார். அதை வைத்து 1986-ஐ அளப்பது நியாயம் என்று எனக்குப் படவில்லை.

ஆனால் நான் அதிகம் யோசிப்பது சோம்நாத் சட்டர்ஜியைத்தான். அப்பா என்.சி.சட்டர்ஜி இந்து மகாசபையின் தலைவராக இருந்தவர். மகன் மார்க்சிஸ்ட். பத்து முறை மக்களவைக்குப் போனவர். 2004-ல் சபாநாயகர் ஆனார். 2008 ஜூலையில் அணு ஒப்பந்தத்துக்காக இடதுசாரிகள் மன்மோகன் சிங் அரசுக்கான ஆதரவை விலக்கினார்கள். ஆதரவை விலக்கும் எம்.பி.க்கள் பட்டியலில் சபாநாயகரின் பெயரும் இருந்தது. நம்பிக்கை வாக்கெடுப்பில் சபாநாயகர் சமநிலை வந்தால்தான் ஓட்டு போட முடியும். எனவே நாற்காலியை விட்டு இறங்கி வந்து அரசுக்கு எதிராகப் போட வேண்டும் என்பது கட்சியின் எதிர்பார்ப்பு. சபாநாயகர் கட்சிக்கு அப்பாற்பட்டவர் என்று மறுத்துவிட்டார்.

ஜூலை 22 வாக்கெடுப்பு நாள். மூன்று பா.ஜ.க. உறுப்பினர்கள் ரூபாய்க் கட்டுகளைக் கொண்டுவந்து சபையின் நடுவே கொட்டிக் காட்டினார்கள். ஓட்டை விலை பேச வந்த பணம் என்றார்கள். ஒரு பக்கம் நோட்டுக் கட்டு, மறுபக்கம் ஓட்டே போடாமல் தன் நம்பிக்கையைக் காட்டிய ஒரு கிழவர். அரசு 275-க்கு 256 என்று பிழைத்தது. மறுநாளே கட்சி அவரை நீக்கியது. நாற்பதாண்டு வாழ்க்கை, ஒரு நாளில் முடிந்தது. 2018 ஆகஸ்டில் அவர் இறந்தபோது, உடலில் செங்கொடி போர்த்தக் கட்சி விரும்பியும் குடும்பம் வேண்டாம் என்றுவிட்டது.

அவர் செய்தது தப்பு என்று சொல்லும் தோழர்களும் எனக்கு உண்டு. கட்சிச் சின்னத்தில், கட்சித் தொண்டன் வியர்வையில் ஜெயித்தவனுக்கு தனி மனசாட்சி ஏது என்பார்கள். அந்த வாதத்தைச் சுலபமாகத் தள்ள முடியாது. சோம்நாத்துக்கு விழுந்த ஓட்டில் எத்தனை சோம்நாத்துக்கு, எத்தனை அரிவாள் சுத்தியலுக்கு?

கொறடாவே கிடையாத ஒருவர் மிச்சம் இருக்கிறார் என்றால் அது வாக்காளர்தான். வேட்பாளர் மதம், சாதி, மொழி பேரில் ஓட்டு கேட்டால் தேர்தலே செல்லாது. தன் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அதே கதிதான் என்று 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-க்கு 3 என்று சொன்னது. ஆனால் வாக்காளர் எந்தக் காரணத்துக்காகப் போட்டார் என்று கேட்க எந்தச் சட்டமும் இல்லை.

சட்டத்தில் அப்படி. இங்கே தில்லியில் தேர்தல் சமயத்தில் நம் காலனிப் பக்கம் வரும் உள்ளூர்ப் புள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். கோயில் கமிட்டியிலோ சங்கத்திலோ ஒரு பெரியவரைப் பிடித்து, "மதராஸி ஓட்டு எவ்வளவு இருக்கும், அண்ணாஜி?" என்று மொத்தமாக விலை கேட்பார்கள். தமிழரும் மலையாளியும் தெலுங்கரும் அவர்களுக்கு ஒரே மூட்டை. ஊரில் இருக்கிற கட்சி எதுவும் இங்கே பெரிசாக இல்லை. பரம்பரைச் சின்னம் இல்லை, தாத்தா கட்சி இல்லை. சுத்தமாக நம் புத்திப்படி போடக் கிடைத்த வாய்ப்பு. நம் ஆட்களில் பாதிப் பேர் பெரியவர் யாரைச் சொன்னார் என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்!

காகிதச் சீட்டு இருந்த காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. மின்னணு இயந்திரம் வந்த பிறகு சாவடிக்குச் சாவடி கணக்கு வெளியே வருகிறது. ஆயிரம் பேர் போல இருக்கும் ஒரு சாவடியில் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று சாயங்காலமே தெரிந்துவிடும். பல இயந்திரங்களின் ஓட்டைக் கூட்டிக் காட்டும் கருவி வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. அது இன்னும் வரவில்லை. போன தேர்தல் முடிந்த வாரம் நம்ம பிளாக் கணக்கை அச்சடித்து எடுத்துக்கொண்டு ஒருவர் அந்தப் பெரியவர் வீட்டுக்கு வந்தார். "எண்ணூறுன்னு சொன்னீங்க, முந்நூறுதானே விழுந்திருக்கு" என்று கேட்டாராம். பெரியவருக்கு ஒரே அவமானம். மீதி ஐந்நூறு யார் என்று அவர் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.