முதலில் வந்தவரா, முதலில் வேண்டியவரா?



தபால் நிலையத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் முதலில் வந்தவருக்கே முதலிடம். அதுவே நியாயம் என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அந்த நியாயம் செல்லாது. நமக்குப் பின்னால் வந்தவரை நமக்கு முன்னால் அழைக்கிறார்கள். இதைக் கண்டு முகம் சுளிப்போர் பலர். இந்த வழக்கம் எங்கே தோன்றியது? எப்படி வளர்ந்தது? அதனை இன்று காண்போம்.

இதன் பிறப்பிடம் போர்க்களம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் படையில் அறுவை மருத்துவராக இருந்தவர் டொமினிக் ழான் லாரே. அக்காலத்தில் காயமுற்ற வீரர்கள் சண்டை ஓயும்வரை களத்திலேயே கிடப்பார்கள். லாரே 1792 முதல் குதிரை பூட்டிய இலகுவான வண்டிகளை அமைத்து, அவர்களை விரைவாக எடுத்துவரச் செய்தார். பதவியைப் பாராமல், காயம் கடுமையாக உள்ளவருக்கே முதல் சிகிச்சை என்பது அவர் வகுத்த விதி. பின்னர் 1854, 1855-ஆம் ஆண்டுகளில் செவஸ்தபோல் முற்றுகையின்போது, ரஷ்ய மருத்துவர் நிக்கலாய் பிரகோவ் காயமுற்றோரை வகைவகையாகப் பிரித்த பிறகே சிகிச்சையைத் தொடங்கினார். கூட்டம் பெருகும் வேளையில் கத்தியைவிட ஒழுங்கே அதிக உயிரைக் காக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இந்த முறைக்கு 'டிரையாஜ்' என்று பெயர். தரம் பிரித்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. 1960-களில் அமெரிக்க மருத்துவமனைகள் சில இதனைப் பொதுமக்களுக்கும் கையாளத் தொடங்கின. 1990-களில் ஆஸ்திரேலியா ஐந்து படிகளை வகுத்தது. முதற்படியில் உள்ளவருக்கு உடனடிச் சிகிச்சை. ஐந்தாம் படியில் உள்ளவர் 120 நிமிடம் வரை காத்திருக்கலாம். சிங்கப்பூரில் நான்கு வகைப் பிரிவு வழக்கில் வந்தது. மலேசிய மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை எனும் நிறங்கள் இடம்பெற்றன.

ஆயினும் தரம் பிரிப்பதால் கூட்டம் குறைந்துவிடுமா? குறையாது. யார் முதலில் என்பதையே அது தீர்மானிக்கும். ஆகவே இங்கிலாந்து நேரத்திற்கே எல்லை கட்டிப் பார்த்தது. அவசரப் பிரிவில் எவரும் நான்கு மணி நேரத்திற்கு மேல் இருக்கலாகாது என 2000-ஆம் ஆண்டில் இலக்கு வகுத்தது. தொடக்கத்தில் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் நான்கு மணி நேரம் நிறையும் கடைசி நிமிடங்களில் நோயாளிகளை அவசரம் அவசரமாக நகர்த்தும் போக்கும் தலைதூக்கியது. 2010-இல் இலக்கை 95 விழுக்காடாகத் தளர்த்தினார்கள். 2015-க்குப் பிறகு பல ஆண்டுகள் அதையும் எட்ட இயலவில்லை.

காரணம் என்ன? கால்வாயின் கடைவாய் அடைபட்டால் வெள்ளம் நம் வாசலில் ஏறும் அல்லவா? அதுபோல, மேலே வார்டில் படுக்கை காலியாகாவிட்டால், அனுமதிக்கப்பட்ட நோயாளி கீழே அவசரப் பிரிவிலேயே தங்கிவிடுகிறார். தாதியரும் கட்டிலும் அவருக்கே போய்விட, புதிதாக வருபவர் நடைவழியில் காத்திருக்கிறார். இது வெறும் சிரமம் மட்டுமன்று. நெரிசல் மிகுந்த நேரத்தில் வந்தவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்ததை 2006-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டின.

எனவே நெரிசலைத் தணிக்க மருத்துவமனை முழுவதும் முயல வேண்டும். சிறு நோய்களுக்குத் தனி வழி, அனுபவமிக்க மருத்துவர் தொடக்கத்திலேயே பார்ப்பது, வீடு திரும்புவோரைக் காலையிலேயே அனுப்பிவைப்பது ஆகியவை பயன் தரும் வழிகள். சிங்கப்பூரில் சாங்கி பொது மருத்துவமனை 2014-இல், சிறு நோயாளிகள் முதலில் அக்கம்பக்கத்து மருத்துவரை நாடும் திட்டத்தைத் தொடங்கியது.

நம் பங்கும் இதில் உண்டு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் திடீரென்று செயலிழத்தல் என்றால் தயங்காமல் அவசரப் பிரிவுக்கு விரைவோம். சாதாரணச் சளிக்கு வட்டார மருந்தகத்தை நாடுவோம். நம்மவர் வீடு திரும்பலாம் என்று மருத்துவர் சொன்னால், மாலைவரை தாமதிக்காமல் காலையிலேயே அழைத்துச் செல்வோம். நாம் விட்டுச்செல்லும் அந்தப் படுக்கை, கீழே காத்திருக்கும் ஓர் உயிருக்கு உரியது.