இல்லத்துத் திருநந்தவனம்

சிவபூசைக்கு வேண்டும் பொருள்களுள் எளியவர்க்கும் எளியனவாய் அமைந்தவை பூவும் நீருமே என்பது பெரியோர் கொள்கை. அவ்விரண்டும் அரியனவாகி விலைக்கு வாங்கப்படும் காலத்தில் யாம் வாழ்கின்றேம். ஆதலின் மனையகத்தும் தோட்டத்தும் எப்பூச்செடியைத் தெரிந்து நடுதல் தகும் என்னும் வினா, கண்ணுக்கு இனிய காட்சி பற்றியதொன்று மாத்திரம் அன்று. வழிபாடு பற்றியதும் ஆகும். இதனை ஆராயுமாறு எம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. அதனை முதற்கண் கூறுவாம்.

யாம் வதிவது ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம். ஏரியும் வயலுமாய் இருந்த இவ்வூர்ப்புறத்தின் பெரும்பகுதி இன்று சிப்காட் தொழிற்பூங்காவாய் விளங்குகின்றது. பூங்கா என்பது பூக்களையுடைய சோலை என விரியுமாதலின், பூவில்லாத இடத்துக்கு இப்பெயர் எங்ஙனம் பொருந்தும் என்று நகையாடுவாரும் உளர். யாம் அங்ஙனம் நகையாடேம். அத்தொழிற்சாலைகளால் பல குடும்பங்கள் பசி நீங்கின. அவ்வாறு நன்னிலையுற்ற இளைஞர் ஒருவர் புதுமனை கட்டி, பின்புறத்தே சிறிது நிலம் ஒழித்து விட்டு, நாற்றுப்பண்ணையார் எழுதிக் கொடுத்த பட்டியலுடன் ஒருநாள் எம்மிடம் வந்தார். காகிதப்பூ, ஈழத்தலரி, மஞ்சளரளி, நிலச்சம்பங்கி, நந்தியாவட்டை என்பன அதில் இருந்தன.

"ஐயா, வீட்டுக்கும் அழகாக இருக்க வேண்டும், பூசைக்கும் ஆக வேண்டும். இவற்றுள் பல வெளிநாட்டுச் செடிகள், சுவாமிக்கு ஆகா என்கிறார்களே, மெய்தானா?" என வினவினார்.

உடனே விடை கூறுதல் எமக்கு இயலவில்லை. முருக நாயனார் புராணத்தை முப்பதாண்டு மாணாக்கர்க்குப் பாடஞ் சொன்ன யாம், அம்முப்பதாண்டும் கடைப்பூவையே நெகிழிப்பையில் வாங்கிவந்து பூசை இயற்றினேம் என்பது அப்பொழுது நினைவில் எழுந்து எம்மை நாணச் செய்தது. "பொறுத்துக்கொள், தம்பி, பார்த்துச் சொல்கிறேன்" என்று அனுப்பினேம். பார்த்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கின்றேம்.

எம்மூர்க்குத் தொலைவன்றியுள்ள குன்றத்தூர், தெய்வச் சேக்கிழார் அவதரித்த பெருமையுடையது. இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் (கி. பி. 1133–1150) அமைச்சராய் விளங்கிய அப்பெருமான் அருளிய பெரியபுராணம், மலர்த்தொண்டின் வரலாற்றுக்கும் ஒரு களஞ்சியம் என்னலாம். திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் வைகறையில் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் அலரும் செவ்வியறிந்து கொய்து, வேறுவேறு கூடைகளில் இட்டு, பலவகை மாலைகளாகத் தொடுத்துச் சாத்தினார் என்பது அவர் வரலாறு. இந்நால்வகைப் பாகுபாடு நூலலங்காரத்திற்காக வந்ததன்று. கிளையிற் பூப்பது, கொடியிற் பூப்பது, நீரிற் பூப்பது, நிலத்துச் சிறுசெடியிற் பூப்பது என்னும் நான்கும் ஓரிடத்து இருப்பின், பருவம் மாறினும் பூசைக்குப் பூ ஒழியாது. தோட்டம் அமைப்பார் முதலில் அறியவேண்டிய உண்மை இதுவே.

கருவூரில் சிவகாமியாண்டார் சுமந்து சென்ற பூக்கூடையைப் பட்டத்து யானை பறித்துச் சிந்தியதும், எறிபத்த நாயனார் அவ்யானையையும் பாகரையும் மழுவால் வீழ்த்தியதும், புகழ்ச்சோழர் அது போதாதென்று தம்மையும் கொல்லுமாறு வாளை நீட்டியதும் அன்பர்கள் அறிந்தனவே. ஒரு கூடைப் பூவின்பொருட்டு ஓர் அரசர் தம் உயிரைக் கொடுக்க முற்பட்டனர் எனின், அப்பூ விலைகொடுத்துப் பெற்ற சரக்கன்று; ஒருவர் விடியுமுன் எழுந்து தம் கையாற் பறித்த தொண்டின் வடிவம் என்பது பெறப்படும்.

இனிக் கல்வெட்டுக்களை நோக்குவாம். சோழர் காலச் சாசனங்களில் திருநந்தவனம், திருநந்தவனப்புறம், திருப்பள்ளித்தாமம் என்னும் சொற்கள் பலகாலும் வருகின்றன. திருப்பள்ளித்தாமம் என்பது இறைவற்குச் சாத்தும் மாலை. திருநந்தவனப்புறம் என்பது நந்தவனத்தை வளர்த்தற்பொருட்டு விடப்பட்ட நிலம். இங்கே ஒரு நுட்பம் கருதற்பாலது. நுந்தாவிளக்கு ஒன்று எரித்தற்குத் தொண்ணூற்றாறு ஆடு விடுவது பல கோயில்களில் வழக்கமாயிருந்தது. அவ்வாடுகள் வழிவழிப் பெருகிக் குறையாமையின் சாவா மூவாப் பேராடு எனப்பட்டன. நந்தவனத்துக்கோ நிலம் விட்டனர். அந்நிலத்து விளைவைக்கொண்டு நீர் இறைப்பார், களை எடுப்பார், பூப்பறிப்பார், மாலை தொடுப்பார் ஆகியோர்க்குச் சீவிதம் அமைத்தனர். செடி நடுதல் ஒருநாட் செயல். அதனைப் புரத்தல் நாடோறும் செய்யும் பணி என்பதை நம் முன்னோர் கல்லில் எழுதி வைத்தனர் என்க. நாற்றுப்பண்ணையிலிருந்து பத்துச் செடி வாங்கிவந்து, கோடையில் ஊர் சென்று, திரும்பி வருகையில் பட்டுப்போன கழிகளைக் காண்பார் இதனை நினைத்தல் நலம்.

எப்பூ உகந்தது என்னும் ஆராய்ச்சிக்குத் தனிநூலும் எழுந்தது. தருமபுர ஆதீன முதற்குரவராகிய குருஞானசம்பந்தர்க்கு ஞானாசிரியராய் விளங்கிய திருவாரூர்க் கமலை ஞானப்பிரகாசர், 16ஆம் நூற்றாண்டில் புட்பவிதி என்னும் நூலை இயற்றினார். பின்னர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) தம் சைவ வினாவிடையில் இவ்விதிகளைச் சிறுவரும் அறியுமாறு எளிய உரைநடையில் தந்தருளினார். புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், பாதிரி, நீலோற்பலம், அலரி, செந்தாமரை என்னும் எட்டும் அட்டபுட்பம் எனப்படும். இவ்வெட்டனுள்ளும் மரமும் செடியும் நீர்ப்பூவும் விரவி நிற்றல் காண்க.

இனி இளைஞர் வினாவுக்கு வருவாம். அவர் பட்டியலிற் கண்டவற்றுள் நந்தியாவட்டை ஒன்றொழிய ஏனைய நான்கும் அமெரிக்கக் கண்டத்தைப் பிறப்பிடமாக உடையன. காகிதப்பூ பிரேசில் நாட்டில் ஐரோப்பியர் கண்ணிற்பட்டு, 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிய பூகன்வில் என்னும் பிரெஞ்சுக் கடலோடியின் பெயரைப் பெற்றது. நிலச்சம்பங்கியின் தாயகம் மெக்சிகோ. ஈழத்தலரி பெயரளவில் ஈழத்தது. பிறப்பால் அமெரிக்க நாட்டது. 1498இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் இறங்கியபின், ஐரோப்பியர் மரக்கலங்கள் பலதேசத்துச் செடிகளை இங்குக் கொணர்ந்தன. 1835இல் சென்னையில் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் போன்றவை புதுச்செடிகளில் மக்களுக்கு விருப்பம் வளர்த்தன. ஆகவே நாயன்மார் இப்பூக்களைக் கண்டிலர் என்பது உண்மையே.

ஆனால் ஒன்று கேட்பாம். நாகலிங்க மரத்தை அறியாத சைவர் உளரோ? படமெடுத்த நாகத்தின் கீழ்ச் சிவலிங்கம் விளங்குவதுபோன்ற அதன் பூவைக் கண்டு கைகூப்பாதார் யாவர்? பல சிவாலயங்களில் அது பேணி வளர்க்கப்படுகின்றது. அம்மரமும் தென்னமெரிக்கக் காட்டிலிருந்து வந்ததே. மொழியும் சமயமும் அறியாத வனத்திற் பூத்த ஒரு பூவில் தம் இறைவன் திருவுருவைக் கண்ட அன்பு, அம்மரத்தின் ஊரைக் கேட்கவில்லை. காஞ்சியிற் சாக்கிய நாயனார் நாடோறும் அன்பினால் எறிந்த கல்லையே மலராக ஏற்ற பெருமான், கடல்கடந்து வந்தது என்று ஒரு பூவை விலக்குவான்கொல்லோ? ஆகமவழி நூல்களிற் சொல்லப்பட்ட மலர்களையன்றிப் பிறவற்றைச் சாத்தோம் என்னும் உறுதியுடைய பெரியோரும் உளர். அவர்தம் நியமத்தை யாம் குறை கூறோம். இல்லத்தில் ஆன்மார்த்தமாக வழிபடுவோர்க்கு எமக்குத் தோன்றியதையே கூறுகின்றேம்.

நாவலர் முதலியோர் விலக்கிய பூக்கள் எவை என்பதை ஒருமுறை ஊன்றி நோக்குக. இரவிற் பறித்த பூ, அரும்பாகப் பறித்து வைத்துப் பின் அலர்ந்த பூ, பழம்பூ, உதிர்ந்த பூ, புழு அரித்த பூ, நீராடாது எடுத்த பூ, தூயதல்லா நிலத்துப் பூ என அவ்வரிசை செல்லும். சிவபெருமானுக்கு ஆகாது என்று தாழம்பூவை விலக்கியது போலச் சில பூக்களைப் பெயர்சுட்டி விலக்கியதும் உண்டு. தாழையோ நம் நெய்தற்கரையிலேயே பிறந்தது! எந்நாட்டுச் செடி என்னும் வினா அவ்விதிகளில் யாண்டும் இல்லை. எக்கை பறித்தது, எப்பொழுது பறித்தது, எந்நிலையிற் பறித்தது என்பனவே அங்குள்ளன.

இவ்வளவைகொண்டு கடைப்பூவை அளந்து பார்க்க எமக்கு நெஞ்சு நடுங்கிற்று. சந்தைக்கு வரும் மல்லிகை, அலரும் முன்னரே அரும்பாகப் பறிக்கப்படுவது. கோயம்பேட்டுச் சந்தைக்கு விடியுமுன் வந்து சேரும் பூக்களிற் பல இரவெல்லாம் வண்டியிற் பயணஞ் செய்தவை. விற்பவர் பிழையன்று இது. அவர் பிழைப்பு அது. பிழை, ஒரு முழ நிலமும் ஒரு நாழிகைப் பொழுதும் ஒதுக்காத எம்போலியருடையது. விதிநூல் நோக்கின், தன் மனையில் தன் கையால் வைகறையிற் பறித்த ஈழத்தலரி, பையிற் கிடந்து வாடிய சண்பகத்தினும் உயர்ந்தது என்றே கொள்ளல் வேண்டும்.

அங்ஙனமாயின் எதையும் நடலாமோ எனின், அன்று. நாம் நட்டாலன்றி இனி இல்லாதொழியும் என்று அஞ்சத்தக்கவற்றுக்கு முதலிடம் தருதல் கடமை. தும்பை ஒருவரும் நடாமலே தரிசில் முளைத்தது. எருக்கு ஏரிக்கரையில் தானே வளர்ந்தது. அத்தரிசும் கரையும் சுருங்கிய ஊர்களில் சிறுவர்க்குத் தும்பை என்பது செய்யுளில் வரும் ஒரு சொல்லாய் நிற்கின்றது. வட திருமுல்லைவாயிற் கோயிலில் வெள்ளெருக்குத் தூண்களை இன்றும் காணலாம். தூணாக நின்று இறைவன் திருமுன்னர்ப் பெருமைபெற்ற செடியைக் களையென்று பிடுங்குதல் நம் அறியாமை அன்றோ? அத்தலத்து மரம் முல்லை. மயிலாப்பூரிற் புன்னையும், திருவொற்றியூரில் மகிழும், திருப்பாதிரிப்புலியூரிற் பாதிரியும் தலமரங்களாய் நின்றமையால், பூமரங்களின் மரபு அறாமல் நமக்குக் கிடைத்தது.

ஆதலின் அவ்விளைஞர்க்கு யாம் கூறிய விடை இது: "தம்பி, நந்தியாவட்டையை முதலில் வை. அது சிறிது நிலத்திலும் செழிக்கும். ஆண்டில் பெரும்பகுதி பூக்கும். மதிலோரத்தில் முல்லைக்கொடியைப் படரவிடு. இடமிருந்தால் ஒரு பவளமல்லி வை. அது இரவில் அலர்ந்து விடியலில் உதிர்வது. உதிர்ந்த பூவாயினும் அதற்கு மட்டும் விலக்களிப்பது வழக்கம். அடியில் தூய வெள்ளைத்துணி விரித்துவை. ஒரு தொட்டியில் நீர் நிரப்பி நீலோற்பலம் இடு. கொசு பெருகாதபடி சிறுமீன் சில விடு. வில்வம் பூக்கும்வரை காத்திருக்க வேண்டா; இலையே போதும். தும்பை தானே முளைத்தால் பிடுங்காதே."

ஒரு விலக்கும் கூறினேம். அலரியும் மஞ்சளரளியும் முற்றும் நஞ்சுடையன. மஞ்சளரளியின் விதை இதயத்தைத் தாக்கிக் கொல்லவல்லது. எருக்கம்பால் கண்ணிற் பட்டால் கேடு விளைக்கும். கோயில் நந்தவனத்துக்கு மதிலும் காவலும் இருந்தன. மனையில் தவழும் குழந்தையும் மேயும் கன்றும் உள. எனவே குழந்தை வளரும்வரை அவ்விரண்டு அலரியும் வேண்டா என்றேம். அவருக்கு இரண்டு வயதுப் பெண்மகவு உண்டு. காகிதப்பூவை விரும்பினால் தெருவாயிலில் அழகுக்கு வைக்க என்றேம்.

அவர் சென்றபின், எம் மனையின் பின்புறத்துச் சிமெண்டுத் தளத்தை நோக்கினேம். இளமையில் திருமடத்துக் கல்லூரியிற் பயின்ற நாளில், விடியுமுன் குளிர்நீராடி நந்தவனத்திற் பூக்கூடையுடன் நின்றதும், பனிதோய்ந்த நந்தியாவட்டையின் தண்மை விரல்களில் நின்றதும் நினைவில் வந்தன. கற்றதையும் கற்பித்ததையும் செய்யாது கழித்த ஆண்டுகளை எண்ணி வருந்தினேம். மறுவாரமே தளத்தில் மூன்று முழம் பெயர்த்தெடுப்பித்து, நந்தியாவட்டை ஒன்றும் வில்வக்கன்று ஒன்றும் நட்டேம்.

கொல்லாமை, இரக்கம், ஐம்பொறியடக்கம், பொறுமை, தவம், வாய்மை, அன்பு, அறிவு என்னும் எட்டும் அகப்பூசைக்குரிய மலர்கள் என்பர் ஆன்றோர். அவை பூக்கும் தோட்டம் நெஞ்சமே. புறத்தே ஒரு செடிக்கு நாடோறும் நீர் வார்த்துப் பழகிய கைக்கு, அகத்தோட்டமும் ஒருநாள் வாய்க்கும் என்பது எம் நம்பிக்கை. அறுபது கடந்து நட்ட எம் நந்தியாவட்டை இத்திங்களில் முதற்பூப் பூத்தது. அன்பர்களும் தத்தம் மனையில் ஒரு முழ நிலத்தையேனும் திருநந்தவனப்புறமாக விடுவார்களாக.

திருச்சிற்றம்பலம்.