மணலில் எழுதிய பாடம்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டார். பேராசிரியர்களைப் பற்றிப் பலரும் எழுதியிருப்பார்கள். நான் சட்டாம்பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன்.

இன்றைய மாணவர்களுக்கு இந்தச் சொல் தெரியுமோ என்னவோ! திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்த மூத்த மாணவன்தான் சட்டாம்பிள்ளை. தான் படித்ததைச் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். அவர்கள் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லிப் படிப்பார்கள்.

1789ல் சென்னை எழும்பூரில், ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை ஏற்று நடத்தினார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் காலை, உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த வாத்தியார்களுக்கு இஷ்டமில்லை. மனுஷன் விடுவாரா? எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு அவனையே சொல்லிக் கொடுக்க வைத்துவிட்டார்!

ஊர் திரும்பி, 1797ல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்றே அதற்குப் பெயர் வந்தது. 1811ல் இங்கிலாந்துத் திருச்சபையினர் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய நேஷனல் சொசைட்டியின் பள்ளிகள் இம்முறையில்தான் நடந்தன. பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1833ல் திறந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் எண்சுவடி படித்த பையன் கணக்குப்பிள்ளை ஆகலாம், கடை வைக்கலாம். அங்கே, ஏழைப் பிள்ளைகளுக்கு வேதம் வாசிக்கத் தெரிந்தால் போதும், எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் வேண்டியதில்லை என்பது பெல்லின் கருத்து. ஏழை தன் நிலைக்கு மேல் ஆசைப்பட்டுவிடக் கூடாதாம்!

சரி, நம்ம திண்ணை மட்டும் எல்லோருக்கும் திறந்திருந்ததா? கவர்னர் தாமஸ் மன்றோ 1822ல் கேட்டு 1826ல் தொகுத்த கணக்குப்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிக்கூடங்கள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண் பிள்ளைகள் சொற்பம். இந்தப் பள்ளிகள் அதற்குப் பின்னும் வெகுகாலம் நடந்தன. என் தாத்தாவைத் திண்ணை ஏறவிடவில்லை. ஜாதிதான் காரணம். தெருவில் நின்று, மேலே சொல்வதைக் காதில் வாங்கி, தெரு மண்ணிலேயே எழுதிப் பழகினார்.

1972ல் நான் இக்கல்லூரியில் பி.யு.சி. சேர்ந்தபோது இங்கிலீஷ் ஒரு வார்த்தை ஓடாது. விடுதியில் மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் இரவுச் சாப்பாடு முடிந்ததும் என்னையும் இன்னும் நாலு பேரையும் மாடி வராந்தாவில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். என்ன ஜாதி என்று ஒருநாளும் கேட்டதில்லை. விடுமுறைக்குப் போனபோது தாத்தாவிடம் இதைச் சொன்னேன்.

“மேலேயா உக்காந்தே?” என்று கேட்டார்.

“மேலதான் தாத்தா, அவருக்குப் பக்கத்துல.”

இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.