மின்சாரக் குளிர்விசிறி: வி-8 பொருத்திய எம்.ஜி.பி. காரில்

மோட்டார் வாகனத்தின் ரேடியேட்டர் வழியே காற்றைச் செலுத்துவதற்கென்று, இயந்திரத்தின் சுழற்சியைச் சாராமல் தனி மின்மோட்டாரால் இயங்கும் விசிறி மின்சாரக் குளிர்விசிறி எனப்படும். இயந்திரத்தின் சுழற்சியாலேயே ஓடும் பழைய விசிறி, வண்டி விரைந்து ஓடி இயற்கையாகவே காற்று வந்து மோதும் வேளையில் வேகமாகவும், வண்டி நின்று காற்றே வராத வேளையில் மந்தமாகவும் சுழலும் தன்மையுடையது. தேவைக்கும் உதவிக்கும் உள்ள இந்த முரண்பாட்டை நீக்குவதே மின்விசிறியின் முதற் பிரயோஜனம். பெரிய இயந்திரம் மாற்றிப் பொருத்தப்பட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில், இடநெருக்கடியும் மிகுந்த உஷ்ணமும் ஒருங்கே சேர்வதால், இதனைத் தேர்ந்தெடுப்பது தனிக் கவனத்துக்குரிய விஷயமாகிறது. அத்தகைய மாற்றங்களுள் மிகவும் பிரசித்தமானது பிரிட்டனின் எம்.ஜி.பி. காரில் ரோவர் வி-8 இயந்திரத்தை அமைப்பதாகும்.

எம்.ஜி.பி. 1962இல் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது 1,798 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் இயந்திரத்தையும், நீர்ப்பம்பின் தண்டில் சுழலும் எளிய விசிறியையும் கொண்டிருந்தது. அமெரிக்காவின் பியூக் நிறுவனம் வகுத்து, பின்னர் ரோவர் நிறுவனம் உரிமை பெற்று உற்பத்தி செய்த 3,528 கன சென்டிமீட்டர் வி-8 இயந்திரமோ, கொள்ளளவில் ஏறக்குறைய இருமடங்காயினும், அலுமினியத்தால் வார்க்கப்பட்டமையால் பழைய இரும்பு இயந்திரத்தைவிடப் பெரிதும் பளுவானதன்று. கென் காஸ்டெல்லோ என்பவர் தம் பட்டறையில் இந்த மாற்றத்தைச் செய்து வழிகாட்டிய பிறகு, 1973இல் தொழிற்சாலையே எம்.ஜி.பி. ஜி.டி. வி-8 என்னும் காரை வெளியிட்டு, 1976 வரை 2,591 வண்டிகளைத் தயாரித்தது. அவற்றில் இயந்திரத்துக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இடம் குறுகிவிட்டதால், தெர்மோஸ்டாட் சுவிட்சால் இயங்கும் இரட்டை மின்விசிறிகள் ரேடியேட்டருக்கு முன்புறம் அமைக்கப்பட்டன. இன்று சொந்தப் பட்டறையில் இதே மாற்றத்தைச் செய்பவர்கள் அந்த இயந்திரத்தின் கொள்ளளவை மேலும் பெருக்கிக்கொள்வது வழக்கமாதலால், அன்றைய விசிறிகளே போதும் என்று கருதுவதற்கில்லை.

விசிறி வாங்கப் புறப்படுவதற்கு முன் நிச்சயிக்க வேண்டியது, வண்டி எப்போது சூடேறுகிறது என்பதே. மணிக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் எதிர்க்காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது. அவ்வேகத்திலும் உஷ்ணமானி ஏறிக்கொண்டே போகுமாயின், குறை ரேடியேட்டரின் பரப்பிலோ, நீரோட்டத்திலோ, தீப்பொறி விழும் காலத்திலோ, பெட்ரோல்–காற்றுக் கலவையிலோ, வெப்பக்காற்று வெளியேற வழியின்மையிலோ இருக்குமேயன்றி விசிறியில் இராது. அங்கே பெரிய விசிறியை மாட்டுவது, பணத்தை விரயமாக்குவதோடு காற்றின் பாதையையும் அடைத்து, நோயை முற்றச் செய்யும். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும், நின்று இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் மட்டும் சூடேறுமாயின், அதுவே விசிறியின் ராஜ்யம்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். நெரிசலில் ஊரும்போது ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய வெப்பம் 15 கிலோவாட் என்றும், அதன் வழியே செல்லும் காற்று 30 பாகை சூடேறுகிறது என்றும் கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு பாகை உயர்த்த ஏறக்குறைய 1.2 கிலோஜூல் வேண்டுமாதலால், விநாடிக்கு 0.42 கன மீட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 கன அடி காற்று தேவைப்படும். கடைகளில் 2,000 கன அடி என்று அச்சிட்ட விசிறிகள் கிடைக்கும்போது இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அந்த எண் பெரும்பாலும், எதிரே தடையே இல்லாத வெட்டவெளியில் அளந்த எண். நெருங்கிய துடுப்புகளைக் கொண்ட ரேடியேட்டரின் தடையை எதிர்த்துச் செல்லும்போது காற்று வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் எவ்வளவு காற்று கிடைக்கும் என்ற அட்டவணையை வெளியிடும் இத்தாலியின் ஸ்பால் போன்ற நிறுவனங்களின் விசிறிகளைத் தேர்வது உசிதம். அட்டவணை இல்லாத இடத்தில், விசிறி இழுக்கும் மின்னோட்டமே நம்பத்தக்க சாட்சி. 13.5 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்றால் சுமார் 200 வாட். பெருங்காற்றை வாக்களித்துவிட்டு ஆறேழு ஆம்பியர் மட்டுமே இழுக்கும் விசிறி, தடை வந்தவுடன் அந்த வாக்கைக் காப்பாற்ற இயலாது.

விசிறி ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுப்பது முன்னால் நின்று தள்ளுவதைவிட மேலானது. முன்னால் நிற்கும் விசிறி, அது ஓய்ந்திருக்கும் வேளையிலும் எதிர்க்காற்றை மறைக்கும். எனினும் எம்.ஜி.பி.யில் பின்புற இடம் சில அங்குலமே எஞ்சுவதால், மெல்லிய மோட்டாருள்ள விசிறி அதில் அடங்குமா என்பதை, இயந்திரம் அதன் ரப்பர்த் தாங்கிகளில் ஆடும் அளவையும் சேர்த்து அளந்த பிறகே தீர்மானிக்க வேண்டும். அடங்காவிடில் தொழிற்சாலை சென்ற வழியே செல்வதில் தவறொன்றுமில்லை. உயரத்தைப்போல இருமடங்கு அகலமுள்ள ரேடியேட்டரின் பரப்பில் நூற்றுக்கு 39 பங்கையே ஒற்றை விசிறியின் வட்டம் மூடும். இரு விசிறிகள் 78 பங்கை மூடும். பின்புற விசிறிக்கு இந்தக் குறையைப் பெரிதும் ஈடுசெய்வது ஷ்ரவுட் என்னும் தகட்டு உறை. ரேடியேட்டரின் பரப்பு முழுவதையும் விளிம்போடு விளிம்பாகத் தழுவி, பரப்புக்கும் விசிறிக்கும் இடையே சிறிது வெளியை விட்டு நிற்கும் உறை இருந்தால், மூலைகளிலுள்ள துடுப்புகளின் வழியாகவும் காற்று வரும். உறையில்லாத பெரிய விசிறியைவிட உறையுள்ள நடுத்தர விசிறியே சிறந்தது என்பது இக்கட்டுரையாசிரியரின் திடமான அபிப்பிராயம். பிளாஸ்டிக் ஊசிகளை ரேடியேட்டரின் துடுப்புகளுக்கிடையே செருகி விசிறியைக் கட்டும் வழக்கம் கண்டிக்கத்தக்கது. அதிர்வினால் ஊசி உராய்ந்து நீர்க்குழாயை ஓட்டையாக்கிவிடும்.

எம்.ஜி.பி.யின் மின்சார ஏற்பாடு இத்தகைய பாரத்தைக் கருதி வகுக்கப்பட்டதன்று. 1967 வரை வந்த வண்டிகளில் 22 ஆம்பியர் தரும் டைனமோவும், நேர்முனையை உடலோடு இணைத்த அமைப்பும் இருந்தன. இரண்டு விசிறிகளும் முகப்பு விளக்குகளும் துடைப்பானும் ஒரே மழையிரவில் இயங்க வேண்டுமானால், இயந்திரம் மெதுவாக ஓடும்போதும் போதிய மின்னோட்டம் தரும் ஆல்டர்னேட்டர் அவசியம். அதன் உச்ச அளவைக் கேட்பதைவிட மெதுவான சுழற்சியில் தரும் அளவைக் கேட்பதே விவேகம். பழைய நேர்முனை அமைப்பை அப்படியே வைத்துக்கொள்பவர், காந்த மோட்டாரின் இரு கம்பிகளையும் மாற்றி இணைத்துவிட்டால் விசிறி எதிர்த்திசையில் சுழன்று, வருகிற காற்றையே திருப்பித் தள்ளும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

விசிறிக்கான மின்சாரம் ஃபியூஸ் வழியாகவும் ரிலே வழியாகவும், தடித்த கம்பியில் செல்ல வேண்டும். மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கமான அளவைப்போலப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்குமாதலால், பழைய சுவிட்சுகள் அதைத் தாங்கா. மெல்லிய கம்பியின் கேடு வேறு விதமானது: 13.5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட்டே வந்தால், சுழற்சி ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு குறைய, காற்றைச் செலுத்தும் சக்தியோ, சுழற்சியின் மும்மடியைப் பின்பற்றுவதால், நூற்றுக்கு 30 பங்கு குறைந்துவிடும். நல்ல விசிறிகள் பல, இந்தக் கம்பியின் குற்றத்துக்காகவே பழி சுமக்கின்றன.

விசிறியை இயக்கும் சுவிட்ச், இயந்திரத்தின் நீரோட்டத்தைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டோடு இணங்க வேண்டும். தெர்மோஸ்டாட் 82 பாகையில் திறப்பதாயின், விசிறி 92 பாகையளவில் எழுந்து 87 பாகையளவில் ஓய்வது பொருத்தம். விசிறி ஓயும் அளவு தெர்மோஸ்டாட் திறக்கும் அளவை நெருங்கிவிட்டால் விசிறிக்கு ஓய்வே இராது. சாவியை மூடிய பிறகும் விசிறி ஓடவேண்டும் என்று விரும்புவோர், இயந்திரம் நின்றவுடன் நீர்ப்பம்பும் நின்றுவிடுவதால், அப்போது குளிர்வது ரேடியேட்டர் மட்டுமே என்பதை அறிதல் நலம். காற்றில் தானே சுழலும் விசிறி ஒரு சிறு டைனமோவாகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். ரிலே இன்றி அதனைத் தீப்பொறிச் சுற்றோடு நேரே இணைத்திருந்தால், சாவியை மூடிய பின்னும் இயந்திரம் சில கணங்கள் ஓடக்கூடும்.

பொருத்திய பின் செய்ய வேண்டிய பரீட்சை எளிது. கோடைப் பிற்பகலில் இயந்திர மூடியைச் சாத்தி வண்டியை நிறுத்தி, விளக்குகளை எரியவிட்டு, இயந்திரத்தை ஓடவிட வேண்டும். விசிறி எழுந்து, உஷ்ணம் இறங்கி, விசிறி ஓய்ந்து, மீண்டும் எழும் முறை பல தடவை ஒரே சீராக நிகழ்ந்தால் தேர்வு சரியானது. ஓயாமல் ஓடியும் உஷ்ணம் இறங்கவில்லையெனில், மோட்டாரின் முனைகளில் வோல்ட்டை அளந்து, உறையின் விளிம்புகளில் இடைவெளி உண்டா என்று சோதித்து, இவ்விரண்டும் செவ்வையாயிருந்தால் மாத்திரமே பெரிய விசிறியை நாட வேண்டும்.